‘ஸ்போர்ட்ஸ் நைட்’: பந்தே வராத விளையாட்டுத் தொடர்

விளையாட்டைப் பற்றி ஒரு நகைச்சுவைத் தொடர். ஆனால், அதில் வரும் முக்கியப் பாத்திரங்கள் யாரும் பந்தை உதைப்பதில்லை, மட்டையைச் சுழற்றுவதில்லை, திடலில் வியர்வை சிந்துவதில்லை. கதை பெரும்பாலும் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் நான்கு சுவர்களுக்குள்ளேயே நடக்கிறது. கேட்டால், “இதை எவன் பார்ப்பான்?” என்றுதான் தோன்றும். அமெரிக்காவில் அன்றைக்குப் பெரிய கூட்டம் பார்க்கவும் இல்லை. இரண்டே பருவம், 45 பாகங்களோடு தொடரை முடித்துவிட்டார்கள். அப்படியிருந்தும், கால் நூற்றாண்டு கழித்து நான் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொடரின் பெயர் ‘ஸ்போர்ட்ஸ் நைட்’. 1998 செப்டம்பர் 22-ஆம் தேதி ஏபிசி அலைவரிசையில் தொடங்கி, 2000 மே மாதத்தில் நிறைவடைந்தது. எழுதி உருவாக்கியவர் ஆரோன் சோர்கின். பிறகு ‘தி வெஸ்ட் விங்’ என்ற அரசியல் தொடரால் உலகப் புகழ் பெற்றவர். ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்தின் திரைக்கதைக்காக ஆஸ்கார் வாங்கியவர். அவர் தொலைக்காட்சிக்கு எழுதிய முதல் தொடர் இதுதான்.

ஊடகவியல் படித்த காலத்தில் எங்கள் விரிவுரையாளர் இதன் முதல் பாகத்தை வகுப்பில் திரையிட்டார். அமெரிக்கக் காற்பந்தும் பேஸ்பாலும் எனக்கு அப்போதும் புரியாது, இப்போதும் புரியாது. இருந்தாலும் மீதி 44 பாகங்களையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். வானொலியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு மறுபடியும் பார்த்தேன். முதல் தடவை கண்ணில் பட்டது அதன் பலம். இரண்டாவது தடவைதான் பலவீனங்களும் தெரிந்தன. இரண்டையும் பேசலாம். ஏனென்றால், இரண்டிலும் நம் ஊர்த் தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் பாடம் இருக்கிறது.

கதைதான் என்ன?

‘கான்டினென்டல் ஸ்போர்ட்ஸ் சேனல்’ என்பது ஒரு கற்பனை அலைவரிசை. அதில் இரவுதோறும் நேரலையாக வரும் விளையாட்டுச் செய்தி நிகழ்ச்சியின் பெயர்தான் ‘ஸ்போர்ட்ஸ் நைட்’. ஈஎஸ்பிஎன்-இன் ‘ஸ்போர்ட்ஸ்சென்டர்’ நிகழ்ச்சிதான் இதற்கு முன்மாதிரி. டான் ரைடல் (ஜோஷ் சார்ல்ஸ்), கேசி மெக்கால் (பீட்டர் கிராவுஸ்) இருவரும் தொகுப்பாளர்கள். டேனா விட்டேக்கர் (ஃபெலிசிட்டி ஹஃப்மன்) தயாரிப்பாளர். அவருக்கு வலக்கையாக நேட்டலி (சப்ரினா லாய்ட்). புள்ளிவிவரப் புலியாகப் புதிதாக வந்து சேரும் ஜெரமி (ஜோஷுவா மலீனா). இவர்கள் எல்லாருக்கும் மேலே, தகப்பன் ஸ்தானத்தில், நிர்வாக ஆசிரியர் ஐசக் ஜாஃபி. அந்த வேடத்தில் நடித்தவர் ராபர்ட் கில்லாம். ‘தி லயன் கிங்’ படத்தில் சிங்கக்குட்டியைத் தூக்கிக் காட்டும் ரஃபீக்கி குரங்குக்குக் குரல் கொடுத்தவர் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

நிகழ்ச்சி தொடங்க இன்னும் சில நிமிடம் இருக்கும். யாரோ ஒருவர் மனம் உடைந்து நிற்பார். யாரோ ஒருவர் தவறான பெயரை எழுதிவிட்டிருப்பார். மேலிடத்திலிருந்து ஏதாவது ஓர் உத்தரவு வந்திருக்கும். எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டு, சிவப்பு விளக்கு எரியும்போது சிரித்த முகத்தோடு “வணக்கம்” சொல்ல வேண்டும். இதுதான் கதை. 

விளையாட்டு தெரியாதவருக்கும் விளையாட்டு

முதல் பாகத்தையே எடுத்துக்கொள்வோம். கேசிக்கு மணமுறிவு. வேலையில் மனம் ஒட்டவில்லை. விளையாட்டு வீரர்கள் என்றாலே குற்றமும் கும்மாளமும்தான் செய்தி என்ற நிலை வந்துவிட்டதால், இந்தத் தொழிலையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார். அன்றைக்கு ஐரோப்பாவில் ஒரு நெடுந்தூர ஓட்டம். ஓடுபவர்களில் ஒருவர் நாற்பதைத் தாண்டிய தென்னாப்பிரிக்கர். கால்கள் முறிக்கப்பட்டு, இனி நடக்கவே முடியாது என்று சொல்லப்பட்டவர். அவர் கற்பனைப் பாத்திரம்தான். ஆனால், அவர் ஓட ஓட, நிலையத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரைக்கு முன் வந்து நிற்கிறார்கள். கேசி தொலைபேசியை எடுத்து, தூங்கிக்கொண்டிருக்கும் தன் மகனை எழுப்பி, இதைப் பார் என்கிறார்.

அந்தக் காட்சியில் நாம் ஓட்டத்தைப் பார்ப்பதைவிட, ஓட்டத்தைப் பார்ப்பவர்களின் முகங்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். அங்கேதான் இந்தத் தொடரின் மிகப்பெரிய பலம் இருக்கிறது. விதிமுறை தெரியாத ஒருவருக்கு விளையாட்டைப் புரியவைக்கச் சிறந்த வழி, அதை நேசிப்பவரின் முகத்தைக் காட்டுவது.

மூவார்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜொகூர் டாருல் தக்சிம், நாம் செல்லமாகச் சொல்லும் ஜேடிதி, களமிறங்கும் இரவில் நம் ஊர் மாமாக் கடைகளைப் பாருங்கள். பெரிய திரைக்கு முன்னால் நாற்காலி கிடைக்காது. ஆட்டம் புரிந்தவர் பாதிப் பேர். மீதிப் பேர், “என்னப்பா ஆச்சு?” என்று பக்கத்து மேசையைக் கேட்பவர்கள். ஆனால், கோல் விழுந்தால் எல்லா மேசையும்தான் எழுந்து நிற்கும். பந்தைப் பார்த்து எழுந்தவர்களைவிட, பக்கத்தில் இருப்பவர் எழுந்ததைப் பார்த்து எழுந்தவர்கள் அதிகமாகவே இருப்பார்கள். இந்த மனநிலையைத்தான் சோர்கின் பிடித்தார்.

வேலையே கதை

இரண்டாவது பலம், வேலையை மரியாதையோடு காட்டியது. நம் தொடர்களில் நாயகன் பொறியாளர் என்பார்கள், நாயகி மருத்துவர் என்பார்கள். ஆனால், அவர்கள் வேலை செய்வதை நாம் பார்க்கவே மாட்டோம். வீட்டு வரவேற்பறையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ‘ஸ்போர்ட்ஸ் நைட்’டில் வேலையும் உணர்ச்சியும் பின்னிப் பிணைந்தே வரும். காதல் பேச்சுக்கு நடுவே “முப்பது நொடி” என்று ஒரு குரல் கேட்கும். அத்தோடு பேச்சு நின்றுபோகும். மீதியை அடுத்த விளம்பர இடைவேளையில்தான் பேச முடியும்.

நேரலை நிகழ்ச்சி செய்பவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும். பாட்டு ஓடும் நான்கு நிமிடத்தில் அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, “நேயர்களே, இனிய காலை வணக்கம்” என்று சொன்ன நாள்கள் எங்கள் எல்லாருக்கும் உண்டு. ஒலிவாங்கிக்குப் பின்னால் இருக்கும் அந்த நான்கு நிமிடத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு தொடரை நான் பார்த்ததில்லை.

இயக்குநர் தாமஸ் ஷ்லாமியையும் பாராட்ட வேண்டும். நடந்துகொண்டே பேசும் பாத்திரங்களைக் கேமரா விடாமல் பின்தொடரும். ஓர் அறையில் தொடங்கிய பேச்சு மூன்று அறைகளைக் கடந்து இன்னொருவர் மேசையில் போய் முடியும். பிறகு ‘தி வெஸ்ட் விங்’கில் எல்லாரும் வியந்த அந்தப் பாணி இங்கேதான் பழகியது. முதல் பாகத்தை இயக்கியதற்காக ஷ்லாமிக்கு 1999-இல் எம்மி விருது கிடைத்தது.

சிரிப்புக்கு நடுவே ஒரு கனம்

மூன்றாவது பலம், சிரிக்க வைத்துக்கொண்டே பெரிய விஷயங்களைத் தொட்டது. ஒரு பாகத்தில், போதைப்பொருள் சட்டம் பற்றிச் சொன்ன கருத்துக்காக நேரலையில் மன்னிப்புக் கேட்கும்படி டானை நிர்வாகம் வற்புறுத்துகிறது. அவரும் கேட்கிறார். ஆனால், நிர்வாகத்திடமோ பார்வையாளர்களிடமோ அல்ல. தன்னைப் பார்த்துப் பழகி, விபத்தில் இறந்துபோன தன் தம்பியிடம். இன்னொரு பாகத்தில், காதலியை அடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பிரபல வீரர் ஒருவரின் பேட்டி. அந்த விவகாரத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்ற நிபந்தனைக்கு நிலையம் சம்மதிக்கிறது. அதன் விலையை நேட்டலி தன் உடம்பால் கொடுக்க நேர்கிறது. பார்வையாளர் எண்ணிக்கைக்காக வாயை மூடிக்கொள்ளும் ஊடகத்தைப் பற்றி, ஊடகத்துக்குள்ளிருந்தே வந்த கடுமையான கேள்வி அது.

கறுப்பின விளையாட்டாளர்கள் ஆறு பேர், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் கொடியின் கீழ் விளையாட மாட்டோம் என்று மறுக்கும் பாகமும் அப்படித்தான். முதலாளியின் கோபத்தைப் பொருட்படுத்தாமல் ஐசக் கேமராவுக்கு முன் வந்து உட்கார்ந்து பேசுவார். கில்லாமின் குரல் அதில் ஓரிடத்திலும் உயராது. ஆனால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அந்தக் கில்லாமுக்கே 1999 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. வேறு தொடராக இருந்தால் அவரை ‘வெளிநாடு போய்விட்டார்’ என்று எழுதித் தள்ளியிருப்பார்கள். இங்கே ஐசக் பாத்திரத்துக்கும் பக்கவாதம் வந்ததாகக் கதையை மாற்றினார்கள். கில்லாம் திரும்பி வந்தபோது ஐசக்கும் கைத்தடியோடு, சற்றே தடுமாறும் பேச்சோடு திரும்பி வந்தார். நோயை மறைக்காமல் அதையே பாத்திரத்தின் பலமாக மாற்றிய அந்த முடிவு, நடிகருக்குச் செய்த மரியாதை. நோயிலிருந்து மீண்டு வேலைக்குத் திரும்பும் எல்லாருக்கும் செய்த மரியாதையும்கூட.

சிரிக்கும் மிசின்

சரி, குறைகளுக்கு வருவோம். முதல் பருவத்தைப் போட்டுப் பார்ப்பவர்கள் ஐந்தே நிமிடத்தில் முகம் சுளிப்பார்கள். காரணம், பின்னணியில் கேட்கும் பதிவுச் சிரிப்பு. சோர்கினுக்கு அதில் விருப்பமில்லை. ஆனால், அரை மணி நேர நகைச்சுவைத் தொடர் என்றால் சிரிப்பொலி இருந்தே ஆக வேண்டும் என்பது ஏபிசி நிர்வாகத்தின் பிடிவாதம்.

இந்தப் பதிவுச் சிரிப்புக்குத் தனி வரலாறு உண்டு. 1950-களில் சிபிஎஸ் நிலையத்தின் ஒலிப் பொறியாளர் சார்லி டக்ளஸ், பலவகைச் சிரிப்புகளைப் பதிவு செய்து, விசையை அழுத்தினால் வேண்டிய சிரிப்பு வெளிவரும் ஒரு பெட்டியைச் செய்தார். அதன் பிறகு அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் அந்தப் பெட்டி இல்லாமல் வேலை நடக்காது என்ற நிலை. 1972-இல் தொடங்கிய ‘மாஷ்’ தொடரின் தயாரிப்பாளர்கள் போராடி ஒரு சலுகை வாங்கினார்கள்: போர்க்கள மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி கூடாது. 

‘ஸ்போர்ட்ஸ் நைட்’டில் அதன் பாதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. சோர்கினின் வசனம் ரயில் வேகத்தில் போகும். ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் தொடங்குவார். அந்த வேகத்துக்கு நடுவே திடீரென்று ஒரு கூட்டம் சிரித்தால் எப்படி இருக்கும்? நெருங்கிய நண்பர்கள் இருவர் ரகசியம் பேசும்போது ஜன்னலுக்கு வெளியே யாரோ நின்று சிரிப்பது போலிருக்கும். நல்ல வேளையாக, பாகங்கள் போகப் போக அந்தச் சிரிப்பு சன்னமாகி, இரண்டாவது பருவத்தில் காணாமலே போனது. இரண்டு பருவங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே தொடர் எப்படி மூச்சு விடத் தொடங்குகிறது என்பதைக் காதாலேயே கேட்கலாம்.

வானொலியிலும் எங்களுக்கு இப்படி ஒரு விசை உண்டு. துணுக்கு சொன்னதும் அழுத்தினால் கூட்டமே சிரிக்கும். ஒருநாள் தொலைபேசியில் வந்த அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: “ஏம்மா, நாங்க சிரிக்கிறதுக்குள்ள உங்க மிசின் சிரிச்சிருது. அப்புறம் நாங்க எதுக்கு?” ஊடகவியல் பட்டப்படிப்பில் பதிவுச் சிரிப்பைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைவிட அந்த ஒரு வரியில் விஷயம் அதிகம். எப்போது சிரிப்பது என்று நேயருக்குச் சொல்லிக்கொடுப்பது, அவரை நம்பவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

எல்லார் வாயிலும் ஒரே நாக்கு

சிரிப்பொலிக்கு நிர்வாகத்தைக் குறை சொல்லலாம். அடுத்த குறைக்கு எழுத்தாளரைத்தான் சொல்ல வேண்டும். டான் பேசினாலும் நேட்டலி பேசினாலும், நேற்று வந்த ஜெரமி பேசினாலும், எல்லாரும் சோர்கினைப் போலவே பேசுகிறார்கள். அதே வேகம், அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பாணி, அதே சாமர்த்தியம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் பேசுவது என்று குரலை வைத்துத்தான் சொல்ல முடியும். சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. ஐசக் மட்டும் விதிவிலக்கு. அவருடைய நிதானம்தான் தொடருக்கே நங்கூரம்.

இதோடு சேர்ந்தது மேடைப் பேச்சு. முக்கியமான இடம் வந்துவிட்டால் யாராவது ஒருவர் எழுந்து நின்று உரையாற்றத் தொடங்கிவிடுவார். சில உரைகள் நெஞ்சைத் தொடும். ஆனால், வாரா வாரம் தீபாவளி கொண்டாடினால் தீபாவளிக்கு என்ன மரியாதை?

டேனாவுக்குச் செய்த அநியாயம்

எனக்கு மிகவும் வருத்தம் தந்த குறை, டேனா பாத்திரம். 1998-இல் ஆண்கள் நிறைந்த விளையாட்டுச் செய்தித் துறையில், ஒரு பெண் தயாரிப்பாளர் எல்லாரையும் கட்டி மேய்க்கிறார். வேலையில் அவர் எடுக்கும் முடிவுகள் அத்தனையும் தெளிவு. ஆனால், அலுவலகக் கதவைத் தாண்டியதும் எழுத்தாளர் அவரைக் குழந்தையாக்கிவிடுகிறார்.

இரண்டாவது பருவத்தில் இது உச்சத்துக்குப் போனது. டேனாவும் கேசியும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள் என்பது பார்ப்பவர் எல்லாருக்கும் தெரியும். சேரப் போகும் நேரத்தில் டேனா ஒரு திட்டம் போடுகிறார்: கேசி முதலில் ஆறு மாதம் மற்ற பெண்களோடு பழகிவிட்டு வர வேண்டுமாம்! கதையை இழுக்க வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணமே தெரியவில்லை. நம் மெகா தொடர்களில் நல்லவளாக இருந்த மருமகளுக்குத் திடீரென்று புத்தி கெடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே வியாதிதான். 1999 செப்டம்பரிலிருந்து சோர்கின் ‘தி வெஸ்ட் விங்’கையும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தார். ஒரே கையில் இரண்டு தொடர் என்றால் எங்கேயாவது கசியத்தான் செய்யும்.

விளையாட்டு ரசிகர்கள் பக்கமும் நியாயம் உண்டு. விளையாட்டுத் தொடர் என்று நம்பி உட்கார்ந்தவருக்கு ஆட்டத்தின் நுணுக்கம் அதிகம் கிடைக்காது. விளையாட்டைப் பிடிக்காதவர் பெயரைப் பார்த்தே ஒதுங்கிவிடுவார். இரண்டு பக்கமும் ஆள் குறைய, பார்வையாளர் எண்ணிக்கை ஏறவே இல்லை. இரண்டாவது பருவத்தில் நிகழ்ச்சிக்குள்ளேயே எண்ணிக்கையை உயர்த்த ஒரு நிபுணர் வருவார். நடித்தவர் ஹஃப்மனின் கணவர் வில்லியம் மேசி. கடைசிப் பாகங்களில் அந்தக் கற்பனை அலைவரிசையே விலைக்கு வரும். வாங்க வருகிறவர், இவ்வளவு நல்ல நிகழ்ச்சியை வைத்துப் பணம் பண்ணத் தெரியாதவர்கள் தொழிலை விட்டே போக வேண்டும் என்ற பொருளில் பேசுவார். அது ஏபிசி நிர்வாகத்துக்கு அனுப்பிய கடிதம் என்று புரிந்துகொள்ள அதிக யோசனை தேவையில்லை. கதையில் நிகழ்ச்சி பிழைத்துக்கொண்டது. நிஜத்தில் தொடர் பிழைக்கவில்லை.

நம் திடலில் எப்போது?

விளையாட்டை வைத்து மனிதர்களைப் பேசும் கலை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 2016-இல் வந்த ‘ஓலா போலா’ படத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றும், நாடு புறக்கணித்ததால் போக முடியாமல் போன நம் தேசியக் காற்பந்துக் குழுவின் தாக்கத்தில் சியூ கெங் குவான் இயக்கிய படம். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் எல்லாம் அதில் அதனதன் இடத்தில் ஒலித்தன. கோல்காவலர் முத்துவைப் பார்த்தபோது ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகத்தை நினைக்காத தமிழர் இருந்திருக்க முடியாது. அந்தப் படத்திலும் ஒரு காற்பந்து வர்ணனையாளர் முக்கியப் பாத்திரம். புரோன்ட் பலாரே நடித்திருந்தார். திடலில் நடப்பதை அவர் முகத்தையும் குரலையும் வைத்தே நாம் பாதி உணர்ந்தோம்.

ஆனால், வாராவாரம் வீட்டுக்கு வரும் ஒரு தமிழ்த் தொடராக இதை நாம் இன்னும் செய்து பார்க்கவில்லை. கதைக்குப் பஞ்சமா? தோட்டத்து லயங்களுக்கு முன்னால் இருந்த திடல்களில் எத்தனை காற்பந்துக் குழுக்கள் வளர்ந்தன! தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு அந்த ஆட்டக்காரர்கள் என்ன ஆனார்கள்? தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில், ஒலிபெருக்கியில் ஓட்டப் பந்தயத்தை வர்ணிக்கும் ஆசிரியரை வைத்தே பத்துப் பாகம் எழுதலாம். ஞாயிறு மாலை புட்சால் ஆட, வேலை முடித்து ஓடிவரும் நடுத்தர வயதுக்காரர்களை வைத்து இன்னும் பத்து. இதற்குப் பெரிய அரங்கமோ கணினி வரைகலையோ வேண்டாம். ஒரு குழு, ஓர் அறை, சில முகங்கள் போதும். செலவு குறைவு என்பதைத் தயாரிப்பாளர்கள் கவனிக்கலாம்.

அப்படி எழுத நினைக்கும் இளையவர்கள் ‘ஸ்போர்ட்ஸ் நைட்’டைத் தேடிப் பார்க்கட்டும். ஓட்டக்காரரைப் பார்க்க எல்லாரும் கூடும் அந்த முதல் பாகத்தையும், ஐசக் கேமராவுக்கு முன் அமரும் பாகத்தையும் கட்டாயம் பாருங்கள். அப்படியே டேனாவின் ஆறு மாதத் திட்டத்தையும் பாருங்கள். எதைச் செய்யக் கூடாது என்று தெரியும். பாத்திரத்துக்கு ஏற்ற நாக்கைக் கொடுங்கள். சித்தியவான்காரர் வேறு மாதிரி பேசுவார், மூவார்க்காரர் வேறு மாதிரி பேசுவார். பெண் பாத்திரத்துக்கு அலுவலகத்தில் கொடுத்த மூளையை வீட்டிலும் விட்டுவையுங்கள்.

முக்கியமாக, அந்தச் சிரிப்பு விசையில் கை வைக்காதீர்கள். நம் நேயர்களுக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்று நன்றாகவே தெரியும்.